‘ஃபன்னி’ என்றால் சிரிப்பா, குறையா? மாங்கூழ் ஆலையிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: தரப் பரிசோதகர், கிருஷ்ணகிரி

அனைவருக்கும் வணக்கம். நான் கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள ஒரு மாங்கூழ் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறேன். கூழின் பிரிக்ஸ் (அதாவது இனிப்பின் அளவு), புளிப்பு, நிறம் ஆகியவற்றைப் பார்ப்பதும், வெளிநாட்டில் வாங்குவோருக்கு மாதிரி அனுப்புவதும், அவர்களுடைய மின்னஞ்சல்களுக்கு முதல் பதில் எழுதுவதும் என் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் நான். ஆங்கிலம் வேலைக்கு வந்த பிறகுதான் பழகியது.

சென்ற பருவத்தில் தோத்தாபுரிக் கூழில் மூன்று மாதிரிகளை ஒருவருக்கு அனுப்பியிருந்தோம். எங்கள் பக்கத்தில் பெங்களூரா என்று சொல்லுகிற மாம்பழம்தான் அது. ஒரு வாரம் கழித்து வந்த மறுமொழியில், முதல் மாதிரியும் மூன்றாம் மாதிரியும் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, இரண்டாவதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘நம்பர் டூ டேஸ்ட்ஸ் எ பிட் ஃபன்னி.’ ஃபன்னி என்றால் சிரிப்பு, கலகலப்பு என்றே நான் அதுவரை அறிந்திருந்தேன். கைப்பேசியைத் திறந்தால் ‘ஃபன்னி வீடியோ’ என்றுதானே வருகிறது? ஆகவே அவர் ஏதோ உற்சாகமாகப் பாராட்டியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, மேற்பார்வையாளரிடமும் ‘இரண்டாவது மாதிரி அவருக்கு ஜாலியாக இருந்ததாம்’ என்று சொல்லி, நன்றியும் மகிழ்ச்சியும் தெரிவித்து, கடைசியில் ஒரு சிரிப்பு முகமும் போட்டுப் பதில் அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் அவர் எங்கள் மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, குறை சொன்னதற்கு நன்றி சொல்லிச் சிரிக்கிறீர்களே, இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறார். உடனே, அதே கூழில் எங்களிடம் எடுத்துவைத்திருந்த காப்பு மாதிரியை எடுத்துத் திறந்தோம். பிரிக்ஸ் சரியாக இருந்தது, புளிப்பும் நிறமும் சரியாக இருந்தன. ஆனால் மூடியைத் திருகிய கையோடு மூக்கை அருகில் கொண்டுபோனால், மாம்பழ மணத்துக்கு அடியில் மெல்லியதாக ஒரு ரப்பர் வாடை வந்தது. அந்த ஒரு வரிசைப் பாட்டில்களுக்கு மட்டும் புதிதாக வந்த மூடிகளைப் போட்டிருந்தோம். வாடை மூடியின் உள்வளையத்திலிருந்து வந்ததே தவிர, கூழில் குறை எதுவும் இல்லை. வேறு மூடி போட்டு மீண்டும் மாதிரி அனுப்பி, அவர் ஒப்புக்கொள்ளும் வரை பீப்பாய்கள் அத்தனையும் கிடங்கிலேயே நின்றன.

ஆங்கில–தமிழ் அகராதியைப் பார்த்தால் ‘நகைச்சுவையான, வேடிக்கையான, விசித்திரமான’ என்று மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டிருக்கிறார்கள். எந்த இடத்தில் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே சொல் சிரிப்புக்கும் வரும், குறைக்கும் வரும் என்றால், ஆங்கிலம் பேசுகிறவர்கள் தங்களுக்குள் குழம்புவதில்லையா?

மறுமொழி 1: ஊத்தங்கரை

சுவை, மணம் பற்றிப் பேசும்போது ஃபன்னி என்று வந்தால் ‘சரியில்லை’ என்று பொருள் கொள்ளுங்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், அந்தச் சொல்லின் உண்மையான பொருள் சிரிப்பு மட்டுமே. விசித்திரம் என்பது அண்மையில் பேச்சில் வந்து ஒட்டிக்கொண்ட கொச்சை வழக்கு. உங்களுக்கு எழுதியவர் வணிகக் கடிதத்தில் அதைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், பாலக்கோடு

வணக்கம் அம்மா. உங்கள் கேள்வி மிகவும் நல்ல கேள்வி. வகுப்பறையில் நான் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தும் மாணவர்கள் தொடர்ந்து இடறிய இடம் இது. அதற்கு முன்பு ஊத்தங்கரை நண்பரின் கருத்தைத் திருத்த வேண்டும். விசித்திரம் என்ற பொருள் அண்மைக்காலக் கொச்சை அன்று. ஃபன்னி என்ற சொல் ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ‘விசித்திரமான’ என்ற பொருளும் அதற்கு வந்துவிட்டது. இருநூறு ஆண்டுகளாக இரண்டு பொருளும் சேர்ந்தே வாழ்ந்து வருகின்றன. ஃபன்னிக்குத் தாயான ‘ஃபன்’ என்ற சொல்லைத்தான் ஒரு காலத்தில் மரியாதையில்லாத சொல்லாகக் கருதினார்கள். அது முதலில் ‘ஏமாற்று’ என்னும் வினையாக வழங்கியது. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில் அதைத் தாழ்ந்த குழூஉக்குறி என்றே குறித்திருக்கிறார். ‘மேக் ஃபன் ஆஃப்’ என்று ஒருவரைக் கேலி செய்வதைச் சொல்லுகிறோமே, அதில் அந்தப் பழைய சாயல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஆங்கிலம் பேசுகிறவர்களும் குழம்புகிறார்கள் என்பதே உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை. யாராவது ஒருவரைப் பற்றி ‘ஹீ இஸ் ஃபன்னி’ என்று சொன்னால், கேட்பவர் ‘ஃபன்னி ஹா-ஹா ஆர் ஃபன்னி பெக்யூலியர்?’ என்று திருப்பிக் கேட்பதுண்டு. சிரிக்கிற ஃபன்னியா, ஒரு தினுசான ஃபன்னியா என்று பொருள். குழப்பம் இல்லாவிட்டால் இப்படி ஒரு கேள்வியே பிறந்திருக்காது.

பிரித்தறிவதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஃபன்னியை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் நிற்கும் எழுவாயையும் வினையையும் பாருங்கள். கதை, படம், பேச்சு, குழந்தையின் சேட்டை இவையெல்லாம் எழுவாயாக நின்றால் பெரும்பாலும் சிரிப்பு. ஒரு பொருளோ உடம்போ இயந்திரமோ எழுவாயாக நின்று, சுவைக்கிறது, மணக்கிறது, ஒலிக்கிறது, உணர்கிறேன் என்ற வகை வினை வந்தால் அங்கே சிரிப்புக்கு வேலையில்லை. ‘தி மில்க் ஸ்மெல்ஸ் ஃபன்னி’ என்றால் பால் கெடப்போகிறது. ‘தி என்ஜின் சவுண்ட்ஸ் ஃபன்னி’ என்றால் வண்டியை ஓரங்கட்டிப் பார்க்க வேண்டும். ‘மை ஃபோன் ஹேஸ் கான் ஃபன்னி’ என்றால் நம் வழக்கில் கைப்பேசி மக்கர் செய்கிறது. ‘தி அக்கவுண்ட்ஸ் லுக் ஃபன்னி’ என்பதற்கு ‘கணக்கு எங்கேயோ இடிக்கிறது’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. ‘ஃபன்னி பிசினஸ்’ என்றால் தில்லுமுல்லு. பார்வை வினையில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தொப்பி போட்டவரைப் பார்த்து ‘யூ லுக் ஃபன்னி’ என்றால் சிரிப்பு, காய்ச்சலில் கிடப்பவரைப் பார்த்துச் சொன்னால் கவலை. அங்கே சூழல்தான் சொல்ல வேண்டும்.

‘எ பிட்’, ‘எ லிட்டில்’ என்று சிறு அளவுச் சொல் முன்னால் வருவதும் ஓர் அடையாளம். பாராட்ட நினைக்கிறவர் ‘வெரி ஃபன்னி’ என்பார், குறை சொல்லத் தயங்குகிறவர் ‘கொஞ்சம் ஃபன்னி’ என்பார். உங்களுக்கு எழுதியவர் உங்கள் மனம் நோகாமல் சொல்லவே அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆகவே, வணிகக் கடிதத்தில் அவர் எழுதியது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு தவறும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஒகேனக்கல் சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், பரிசலில் ஏறியதையும் அருவியில் குளித்ததையும் மீன் வறுவல் சாப்பிட்டதையும் அழகாக எழுதிவிட்டுக் கடைசி வரியில் ‘தி ட்ரிப் வாஸ் வெரி ஃபன்னி’ என்று மாணவர்கள் முடிப்பார்கள். அவர்கள் சொல்ல நினைத்தது பயணம் மகிழ்ச்சியாக இருந்தது என்பது. அவர்கள் எழுதியதோ, பயணம் சிரிப்புக்கு இடமாகவோ கோளாறாகவோ இருந்தது என்பது. மகிழ்ச்சிக்கு ‘ஃபன்’ போதும்: ‘தி ட்ரிப் வாஸ் ஃபன்.’ ‘ஃபன்’ என்பதோடு ‘னி’ சேர்ந்தால் மகிழ்ச்சி இன்னும் கூடும் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ‘ஃபன் டீச்சர்’ என்றால் அவர் வகுப்பில் நேரம் போவது தெரியாது. ‘ஃபன்னி டீச்சர்’ என்றால் அவர் சிரிக்க வைக்கிறார், அல்லது அவரிடம் ஏதோ வினோதம் இருக்கிறது.

மறுமொழி 3: செவிலியர், தருமபுரி

ஆசிரியர் ஐயா சொன்னதில் ‘உடம்பு’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அங்கே இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்பு பிரிட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். சேர்ந்த முதல் மாதத்தில், காலை உணவு முடிந்து கட்டிலின் ஓரத்தில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்து, ‘ஐ ஃபீல் எ பிட் ஃபன்னி, லவ்’ என்று சொன்னார். அவர் முகத்தில் ஒரு சிறு புன்னகை இருந்தது, நானும் பதிலுக்குப் புன்னகைத்தேன். அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை தட்டில் மோதி லேசாக ஒலித்துக்கொண்டிருந்ததை நான் கேட்டும் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மூத்த செவிலியரோ, கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து, கோப்பையை வாங்கி வைத்து, பாட்டியைப் படுக்க வைத்து, நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்தார். அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. பாட்டி சொன்னதைத் தமிழில் சொல்வதென்றால் ‘எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது கண்ணு’ என்பதுதான். நம் ஊர்ப் பாட்டி ‘ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்று சொன்னால் நாம் சிரிக்கவா செய்வோம்? தலை சுற்றுகிறதா, வயிற்றைப் புரட்டுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்று அடுக்கிக் கேட்போம். ‘ஃபீல் ஃபன்னி’ என்றாலும் அப்படியே கேட்க வேண்டும். திடீரென்று வந்து போகும் மயக்கத்தை அவர்கள் ‘ஃபன்னி டர்ன்’ என்றும் சொல்வார்கள்.

‘ஃபன்னி போன்’ என்று அவர்கள் சொல்லுவதும் எலும்பு அன்று. முழங்கையின் உட்புறத்தில், தோலுக்குச் சற்று அடியில், அல்நார் என்னும் நரம்பு ஓடுகிறது. கதவு நிலையிலோ மேசை விளிம்பிலோ அந்த இடம் இடிபட்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போல இருக்கும். மேற்கை எலும்புக்கு மருத்துவப் பெயர் ‘ஹ்யூமரஸ்’. நகைச்சுவையான என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஹ்யூமரஸ்’. ஒலி ஒற்றுமையால் அந்தப் பெயர் வந்தது என்றும் விளக்கம் சொல்வார்கள். இடிபட்டபோது உண்டாகும் உணர்ச்சியை நினைத்தால் ‘ஒரு மாதிரி’ என்ற பொருளும் அங்கே நன்றாகவே பொருந்துகிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ‘ஒரு மாதிரி’ என்ற இரண்டு சொல்லைப் படித்தவுடனே எனக்கு முழுதும் விளங்கிவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் நாங்களே கூழை ருசித்துவிட்டு ‘இது ஒரு மாதிரி இருக்கிறது, இன்னொரு தடவை பார்’ என்று நாள்தோறும் சொல்லிக்கொள்கிறோம். அவர் எழுதியதும் அதே வாக்கியம்தான், எனக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எதற்கெடுத்தாலும் ‘வெரி ஹிலேரியஸ்’ என்று எழுதுகிறார். அது ஃபன்னிக்கு மாற்றுச் சொல்லா, அதிலும் இப்படி இரண்டு பொருள் உண்டா? அடுத்தது, தமிழில் எழுதும்போது ஃபன்னிக்கு ஈடாக ஒரே சொல் வைக்கலாமா? ‘நகைச்சுவையான’ என்று போட்டால் பாதிதான் வருகிறது.

மறுமொழி 4: ஓசூர்

ஹிலேரியஸ் பற்றி நான் சொல்கிறேன். அதில் இரண்டாம் பொருள் இல்லை, ஆகையால் அஞ்ச வேண்டியதில்லை. கெட்டுப்போன பாலை யாரும் ஹிலேரியஸ் என்று சொல்லமாட்டார்கள். வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பது என்பது மட்டுமே இன்று அதன் பொருள். ஆனால் ‘வெரி’ அதற்கு முன்னால் பொருந்தாது. விழுந்து விழுந்து சிரிக்கிற அளவு என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘கொதிக்கக் கொதிக்க’ என்று சொன்ன பிறகு ‘மிகவும்’ என்று சேர்க்கிறோமா? அழுத்தம் வேண்டுமானால் ‘அப்சல்யூட்லி ஹிலேரியஸ்’ என்பார்கள். சிறிய சிரிப்புக்கு ‘அம்யூசிங்’ இருக்கிறது, நடுத்தரத்துக்கு ஃபன்னி இருக்கிறது, உச்சத்துக்கு ஹிலேரியஸ். எல்லாவற்றையும் உச்சத்திலேயே வைத்துப் பேசினால், உண்மையாகவே உச்சமான ஒன்று வரும்போது கையில் சொல் இருக்காது என்பது என் எண்ணம்.

அதன் பிறப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. கிரேக்கத்தில் ‘ஹிலரோஸ்’, இலத்தீனில் ‘ஹிலாரிஸ்’. இரண்டுக்கும் பொருள் ‘மனமகிழ்ச்சியுள்ள’ என்பது. சிரிப்பு மூட்டுவது என்ற பொருள் அங்கே கிடையாது. ‘உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்’ என்று இரண்டாம் கொரிந்தியரில் வருகிறதே, அந்த ‘உற்சாகமாய்’ நிற்கும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது ஹிலரோஸ் என்னும் சொல்லே. ஆங்கிலத்தில் ஹிலேரியஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தபோதும் ‘குதூகலமான’ என்றே பொருள்பட்டது. மகிழ்ந்திருப்பவரைக் குறித்த சொல், இருபதாம் நூற்றாண்டில்தான் பிறரைச் சிரிக்க வைக்கும் பொருளுக்கு மாறியது. ஆகவே பழைய ஆங்கில நூல்களில் ஒரு கூட்டத்தையோ விருந்தையோ ஹிலேரியஸ் என்று எழுதியிருந்தால், அங்கே யாரும் நகைச்சுவை சொல்லவில்லை, எல்லோரும் ஆரவாரமாக மகிழ்ந்திருந்தார்கள் என்றே படிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்கு ‘ஹிலரி’ என்று பெயர். ஜனவரி 13-ஆம் நாள் நினைவுகூரப்படும் புனித ஹிலரியின் பெயரிலிருந்து வந்தது அது, அந்தப் பெயருக்கும் வேர் இதே மகிழ்ச்சிதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஓசூரில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கேட்கலாம். நான்கிலும் புழங்குகிற ஒரு சொல் ‘தமாஷ்’ அல்லது ‘தமாஷா’. அரபியில் ‘நடத்தல்’ என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்து, பாரசீகத்தில் ‘உலாவிப் பார்க்கும் காட்சி’ என்றாகி, உருது வழியாக நம்மிடம் வந்தது அது. மராட்டியத்தில் ஒரு நாட்டார் கலைக்கே அந்தப் பெயர். நம்மிடம் அது சிரிப்பாகவே தங்கிவிட்டது. காட்சி எப்படிச் சிரிப்பாக மாறியது என்று எண்ணிப் பார்த்தால், நம் ‘வேடிக்கை’யும் அதே வழியில் நடந்திருப்பது தெரியும். கூட்டம் கூடி நின்று வேடிக்கை பார்க்கிறது, திருவிழாவில் வாணவேடிக்கை நடக்கிறது, ‘வேடிக்கையாகச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே’ என்றும் சொல்கிறோம். உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் தமிழ் படித்தவர்கள் சொல்லட்டும்.

மறுமொழி 5: தமிழாசிரியர், பென்னாகரம்

ஓசூர் நண்பர் வேடிக்கை வரையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அங்கிருந்து தொடர்கிறேன்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உள்ளத்து உணர்ச்சிகள், எட்டு என்று வகுத்து, அவற்றுள் முதலாவதாக நகையை வைக்கிறது. நகை எதனால் பிறக்கிறது என்பதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு நிலைக்களன்களையும் சொல்கிறது. பிறரை இகழ்வதும் பிறரால் இகழப்படுவதும் எள்ளலில் அடங்கும். குழந்தையின் மழலை இளமையில் அடங்கும். ஒன்றை மற்றொன்றாக அறியாமல் எண்ணுவது பேதைமை, பிறர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாதிருப்பது மடன். நம் பகுதியில் பாரதக் கூத்து நடக்கும்போது கட்டியங்காரனை உற்றுப் பாருங்கள். அரசன் வருகிறான் என்று முழக்கமிட்ட அதே வாயால் அரசனைக் கிண்டல் செய்வான், அது எள்ளல். அரசன் சொன்னதை வேண்டுமென்றே தவறாக விளங்கிக்கொண்டு திருப்பிச் சொல்வான், அது பேதைமையைப் போல நடித்துக் காட்டுவது. விடியற்காலை நான்கு மணிக்கும் கூட்டம் தூங்காமல் இருப்பதற்குக் காரணம் அவன்தான்.

ஆனால் வியப்பும் விசித்திரமும் நகையில் சேரா. அவற்றுக்குத் தொல்காப்பியர் மருட்கை என்று தனி மெய்ப்பாடு வைத்து, அதற்குரிய நான்கு நிலைக்களன்களில் முதலாவதாகப் புதுமையைச் சொல்கிறார். இதுவரை காணாத ஒன்றைக் கண்டால் மனம் திகைக்கிறது, அது சிரிப்பு அன்று. நகை, மருட்கை என்று நாம் இரண்டாகப் பிரித்து வைத்த மெய்ப்பாடுகளை ஆங்கிலத்தின் ஃபன்னி ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. அகராதிக்காரர் மூன்று சொற்களை அடுக்கியது இதனால்தான், ஆனால் அவர் இடத்தைப் பிரித்துக் காட்டாமல் விட்டது பெருங்குறை.

பேச்சு வழக்கில் இரண்டையும் சேர்த்துத் தாங்கக்கூடிய ஒரே சொல் நம்மிடம் வேடிக்கை. ‘தி ஃபன்னி திங் இஸ்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வாக்கியத்தை நாம் ‘வேடிக்கை என்னவென்றால்’ என்று தொடங்குகிறோம். அதன் பின்னால் வரும் செய்தி சிரிப்பாக இருக்க வேண்டிய கட்டாயம் இரு மொழியிலும் இல்லை. ‘வேடிக்கை என்னவென்றால், சாவி அவர் கையிலேயே இருந்தது’ என்றும் சொல்கிறோம், ‘வேடிக்கை என்னவென்றால், புகார் கொடுத்தவரையே விசாரிக்கிறார்கள்’ என்று மனம் நொந்தும் சொல்கிறோம். பாரதியார் பாடிய வேடிக்கை மனிதரும் நம்மைச் சிரிக்க வைக்கிறவர் அல்லர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இருந்தாலும் எல்லா இடத்திலும் வேடிக்கையை வைத்துவிட முடியாது என்பதற்கு உங்கள் மாங்கூழே சான்று. ‘சுவை வேடிக்கையாக இருக்கிறது’ என்றால் தமிழில் குறை விளங்காது. உடம்பு, சுவை, மணம் ஆகியவற்றுக்குச் செவிலியர் சொன்ன ‘ஒரு மாதிரி’யே சரி. எழுத்தில் இன்னும் கறாராக வேண்டுமானால் ‘மாறுபட்ட சுவை’, ‘ஒவ்வாத வாடை’ என்று எழுதலாம். ஆளைப் பற்றிச் சொல்லும்போது சிரிக்க வைப்பவரானால் ‘தமாஷான ஆள்’, போக்கு விளங்காதவரானால் ‘ஒரு தினுசான ஆள்’ என்று பிரித்தே எழுதுங்கள். ‘டோண்ட் கெட் ஃபன்னி வித் மீ’ என்று சினந்து சொன்னால் ‘என்னிடம் வாலாட்டாதே’ என்பதே அதற்கு ஈடு, அங்கே சிரிப்பும் இல்லை, விசித்திரமும் இல்லை.

மொழிபெயர்ப்புகளில் என்னை மிகவும் வருத்துகிற ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. ‘ஃபன்னி ஃபிலிம்’ என்பதை ‘நகைப்புக்கிடமான படம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நகைப்புக்கிடமான என்பது பாராட்டு அன்று, இகழ்ச்சி. சிரிக்க வைத்த படத்தை அது சிரிப்பாய்ச் சிரித்துப்போன படமாக ஆக்கிவிடுகிறது. தமிழில் சிரிப்பு என்ற சொல்லே அவமானத்தின் பக்கம் எளிதில் சாய்ந்துவிடும். ‘ஊர் சிரிக்கும்’, ‘சந்தி சிரிக்கிறது’ என்று சொல்லும்போது அங்கே மகிழ்ச்சி எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு ‘ரிடிக்யுலஸ்’ என்று வேறு சொல் இருக்கிறது. ஃபன்னிக்கு விசித்திரத்தின் பக்கம் ஒரு கதவு திறந்திருப்பதுபோல, நம் சிரிப்புக்கு அவமானத்தின் பக்கம் ஒரு கதவு திறந்திருக்கிறது. இரு மொழிக்கும் இடையில் எழுதுகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

ஐயா, இவ்வளவு விளக்கம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் என் நன்றி.

நேற்று என் மின்னஞ்சல் பெட்டியில் இரண்டு ஆண்டுக் கடிதங்களைத் தேடி, ஃபன்னி என்ற சொல் வரும் இடங்களை எல்லாம் ஆசிரியர் ஐயா சொன்ன முறைப்படி எழுவாயையும் வினையையும் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். மொத்தம் ஐந்து இடங்கள் இருந்தன. ஒன்றில் மட்டுமே சிரிப்பு. அது அவர்கள் அலுவலகத்து விருந்தில் எடுத்த ஒரு படத்தைப் பற்றியது. மற்ற நான்கில் ஒன்று நான் மேலே சொன்ன இரண்டாம் மாதிரியைப் பற்றியது, ஒன்று சீட்டில் அச்சான தேதி ‘ஃபன்னியாக’ இருக்கிறது என்று எழுதியது, மீதி இரண்டும் பீப்பாயின் உள்ளுறை பற்றி. தேதியைப் பற்றி எழுதியதற்கு அப்போது நாங்கள் பதிலே அனுப்பவில்லை. எடுத்துப் பார்த்தால் மாதமும் நாளும் இடம் மாறி அச்சாகியிருக்கிறது. இன்று காலை அதற்கு வருத்தம் தெரிவித்து, திருத்திய சீட்டின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

பரிசோதனைக் கூடத்தின் பதிவேட்டில் ‘வாங்குபவர் சொன்னது’ என்று ஒரு பத்தி ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ‘நம் சொல்லில்’ என்று ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறேன். அதன் முதல் வரியில், இரண்டாம் மாதிரிக்கு நேராக, ‘ஒரு மாதிரி இருக்கிறது, ரப்பர் வாடை, மூடி’ என்று எழுதினேன்.